அடிபடாத தோல்

மேளம் என்ற சொல்லைக் கேட்டதும் அடிபடும் தோலையே எவரும் நினைப்பர். அடிபடாத தோலைப் பற்றி நாம் எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றக் கூடும். ஆயினும் சென்ற குளிர்காலம் முழுவதும் நம் இல்லத்தின் அமைதியையும், நம் பெண்ணின் உறக்கத்தையும், ஓரளவு நம் மானத்தையும் அலைக்கழித்தது அத்தகைய தோல் ஒன்றுதான். பள்ளி வாத்தியக் குழுவில் பிள்ளைகள் சேர்ந்திருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. அவர்களுக்கேனும் இது பயன்படலாம் என்று கருதி எழுதுகிறோம்.

நம் பெண் எட்டாம் வகுப்பில் பயில்கிறாள். சென்ற ஆண்டு பள்ளியின் பேண்டு குழுவில் அவளுக்குச் 'சைடு டிரம்' கிடைத்தது. நாற்காலியில் அமர்ந்து பல மேளங்களை ஒருவரே வாசிக்கும் இசைக் குழுக்களில் 'ஸ்னேர் டிரம்' என்று வழங்குவதும் ஏறக்குறைய இதுவே. 14 அங்குல அகலம். எஃகுத் தகட்டால் ஆன உடல். மேலும் கீழும் தோல். தோல் என்பது பெயருக்குத்தான், இரண்டும் பிளாஸ்டிக். கீழ்த் தோலின் குறுக்கே சுருள் கம்பிகள் இருபது, ஒரு பட்டையாக ஓடுகின்றன. பக்கத்திலுள்ள கொண்டியைத் தூக்கினால் அவை தோலோடு ஒட்டும். இறக்கினால் விலகித் தொங்கும். மேலே குச்சி விழும்போது கீழே கம்பிகள் 'சர்' என்று பொரிவதுதான் இந்த மேளத்தின் குரல். கம்பிகளை விலக்கிவிட்டால் வெறும் தொம்மென்ற ஓசைதான் எஞ்சும்.

விடுமுறை நாட்களில் பழகுவதற்காக மேளத்தை வீட்டுக்குக் கொண்டுவரப் பள்ளியில் அனுமதித்திருந்தனர். இராமகிருஷ்ணபுரத்து அடுக்கு வீடுகளின் சுவர்களை அறிந்தவர்களுக்கு மேலே நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. கீழ் வீட்டார் இரண்டு முறை வந்து பணிவாகவும், மூன்றாம் முறை பணிவின்றியும் முறையிட்டனர். அங்கே நோயுற்ற முதியவர் ஒருவர் படுத்திருந்தார். அவர்கள்மேல் குற்றம் சொல்வதற்கில்லை.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நாம் சிறு வயதில் கும்பகோணத்தில் நான்கு ஆண்டுகள் மிருதங்கம் பயின்றவர். உத்தியோகம் வந்தது, மிருதங்கம் போயிற்று. ஆனால் தோல் வாத்தியம் எதுவும் நமக்குத் தெரியாததன்று என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. வலந்தலையில் கரணை இருக்கும். தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவோம். கூழாங்கல்லும் மரக்கட்டையும் கொண்டு விளிம்பைத் தட்டிச் சுருதி கூட்டுவோம். வாசித்த வாத்தியத்தில் இரண்டு தலைகளும் அடிபட்டன. தன்மேல் ஒரு விரலும் படாமலே பேசும் தோல் ஒன்று உலகில் உண்டு என்பது நமக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், பெண் பள்ளிக்குச் சென்றிருந்த ஒரு காலையில், மேளத்தின் ஓசையைக் குறைப்பதற்கு நாமே ஒரு வழி கண்டோம். கம்பிகளுக்கும் கீழ்த் தோலுக்கும் இடையே மடித்த துணியைச் செருகிவிட்டால் பொரிச்சல் அடங்கும் அன்றோ? மேளத்தைக் கவிழ்த்து, கம்பிகளைத் திருப்புளியால் நெம்பித் தூக்கினோம். திருப்புளி வழுக்கிற்று. தோல் அதற்கு எவ்வித எதிர்ப்பும் காட்டவில்லை; இரண்டு அங்குல நீளத்துக்குக் கிழிந்துவிட்டது.

மாலையில் பெண்ணிடம், "தோல் பழையது போலிருக்கிறது அம்மா, தானாகவே விட்டுவிட்டது" என்றோம். பள்ளிக்கும் அவ்வாறே எழுதி, புதுத் தோலை நம் செலவிலேயே மாட்டித் தருவதாகவும் சேர்த்துக்கொண்டோம். பள்ளியார் நன்றி தெரிவித்து மறுமொழி விடுத்தனர். அந்த நன்றியையும் நாம் வாங்கி வைத்துக்கொண்டோம்.

தரியாகஞ்சில் ஒரு வாத்தியக் கடைக்குச் சென்றோம். மேலுக்கா, கீழுக்கா என்று கடைக்காரர் கேட்டார், கீழுக்கு என்றோம். வெங்காயச் சருகு போன்ற ஒன்றை எடுத்து நீட்டினார். அதன் வழியே அவருடைய கைரேகை நன்கு தெரிந்தது. திருப்புளி போனது எவ்வளவு எளிதாகப் போயிற்று என்று நாம் கண்டிருந்தோமே! மறுபடியும் இந்தச் சருகையா வாங்குவது? பிளாஸ்டிக் ஏடுகள் இரண்டை ஒன்றாக்கிச் செய்த தடித்த தோல் ஒன்று சுவரில் மாட்டியிருந்தது, விலையும் அதிகம். அதையே கேட்டோம். அது குச்சி விழும் பக்கத்துக்கு உரியது என்று அவர் இருமுறை சொன்னார். விலையுயர்ந்ததை விற்க மனமில்லாத வியாபாரியை அன்றுதான் கண்டோம். இருந்தும் நமக்கு ஐயம் பிறக்கவில்லை. "உறுதியாய் இருக்கட்டும், கொடுங்கள்" என்று வாங்கி வந்து, அன்றிரவே எட்டுத் திருகாணிகளையும் கை வலிக்க முறுக்கி மாட்டினோம்.

மேளம் ஊமையாகிவிட்டது. ஓங்கி அடித்தால் தகர டப்பாவைத் தட்டியது போன்ற ஓசை வந்தது. மெல்ல அடித்தால் கம்பிகள் அசையவே இல்லை. நாமோ கம்பிகள் தளர்ந்திருப்பதாகக் கருதி, கொண்டியின் திருகை மேலும் இறுக்கினோம். கம்பிகள் தோலோடு அழுந்தி, இருந்த சிறு பொரிச்சலும் நின்றது. கீழ் வீட்டார் நன்றி சொல்லி இனிப்புக் கொடுத்தனுப்பினர்.

பெண் என்ன செய்வாள்? குழுவில் அணிவகுத்து நடக்கும்போது மெல்லிய உருட்டு ஒன்று உண்டு. இரு குச்சிகளும் மாறி மாறித் துள்ளி, மழை தொடங்குவது போல் எழ வேண்டியது. மற்றப் பிள்ளைகளின் மேளங்களில் அது எழுந்தது. இவள் மேளத்தில் எழவில்லை. ஆகையால் ஓங்கி அடிக்கத் தொடங்கினாள். ஓங்கி அடித்ததால் காலம் தவறிற்று. இரவில் மணிக்கட்டு வலிக்கிறதென்று தாயிடம் தைலம் தேய்த்துக்கொள்வதை நாம் கண்டோம். கண்டும் ஒரு நாள், "கையில் நயமில்லாதவர்கள் மேளத்தைத் தொடக் கூடாது, நான்கு ஆண்டுகள் பழகியவன் சொல்கிறேன்" என்று கூறிவிட்டோம். அவள் மறுமொழி சொல்லவில்லை. மேளத்தைத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தாள்.

டிசம்பர் நடுவில் பேண்டு ஆசிரியர் அவளைச் சிம்பலுக்கு மாற்றிவிட்டார். நாற்பது பிள்ளைகளை மேய்க்கும் அவருக்கு ஒவ்வொரு மேளத்தையும் கவிழ்த்துப் பார்க்க நேரம் ஏது? பெண்ணின் கைதான் மந்தம் என்று அவர் கருதியதில் வியப்பில்லை. பெற்றவரே அவ்வாறு கருதினாரன்றோ?

ஜனவரி முதல் வாரத்தில் மலை மந்திர்ப் படிகளின் அடியில் நமக்கு அறிமுகமான பெரியவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னோம். மெட்ராஸ் ரெஜிமெண்டில் மேளக்காரராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். நீலகிரியில் வெலிங்டனில்தான் அந்த ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே குச்சி பிடிக்கக் கற்றவர், இன்று மகனோடு தில்லியில் வசிக்கிறார். "கைக்கு என்ன வந்தது? மேளத்தைப் பார்த்தீர்களா தம்பி?" என்றார். பார்த்தேன் என்றோம். "கவிழ்த்துப் பார்த்தீர்களா?" என்றார். நாம் பேச்சை மாற்றினோம். அவர் விடவில்லை, மறுநாள் காலையே வீட்டுக்கு வந்துவிட்டார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து மேளம் வெளிவந்தது. அதை மடியில் கவிழ்த்துக்கொண்டு, கீழ்த் தோலை விரலால் ஒருமுறை சுண்டினார். பிறகு நம் பெண்ணைப் பார்த்து, "கண்ணு, இரண்டு மாதம் நீ இந்தச் சுவரையா அடித்துக்கொண்டிருந்தாய்?" என்று கேட்டார்.

அதன்பின் அவர் விளக்கியதைச் சுருக்கமாகத் தருகிறோம். குச்சி மேல் தோலில் விழுந்ததும் உள்ளே அடைபட்ட காற்று கீழ்த் தோலை உந்துகிறது. கீழ்த் தோல் வெளியே துள்ளிக் கம்பிகளை உதறுகிறது. உதறப்பட்ட கம்பிகள் மீண்டும் அதன்மேல் வந்து விழுகின்றன. காற்றின் சிறு உந்தலுக்கும் துள்ள வேண்டுமாயின் தோல் மெல்லியதாகத்தான் இருந்தாக வேண்டும். ஓர் அங்குலத்தை 1000 கூறாக்கினால் அதில் 3 கூறு கனம்தான் கீழ்த் தோலுக்கு வழக்கம். 2 கூறு கனமுள்ளதும் உண்டு. மேல் தோலின் ஒற்றை ஏடு பெரும்பாலும் 10 கூறு. நாம் வாங்கி வந்த இரட்டை ஏடோ 14 கூறு! ஓங்கி அடிக்கும் அணிவகுப்பு மேளங்களுக்குக் கீழேயும் 5 கூறு வரையில் போடுவார்களாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 3 கூறே போதும் என்றார்.

அவர் சேனையில் சேர்ந்த காலத்தில் அவருக்கு முதலில் கிடைத்த மேளத்தில் கன்றுத் தோல் இருந்ததாம். மேலுக்கு ஒரு கனம், கீழுக்கு மிக இளங்கன்றின் மெல்லிய தோல். பனிக்காலத்துத் தில்லியில் விடியற்காலை ஒத்திகைக்கு மேளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், மூடுபனியை உறிஞ்சிக் கீழ்த் தோல் துவண்டு தொங்கும். தீமூட்டி அதன் அருகே காட்டி எடுப்பார்களாம். பாலியெஸ்டர் ஏட்டால் தோல் செய்யும் முறை அமெரிக்காவில் 1950-களின் நடுவில் வந்தது. சிக் எவான்ஸ், ரீமோ பெல்லி என்ற இருவர் பெயர்களை இதில் முக்கியமாகச் சொல்வர். ரீமோ பெல்லியின் நிறுவனம் 1957-இல் தொடங்கிற்று. பனிக்கும் மழைக்கும் அஞ்சாத தோல் நம் நாட்டுச் சேனை மேளங்களுக்கும் வந்து சேர்ந்தபோது, ஒத்திகைக்கு முன் தீக்காய்வது நின்றுவிட்டதே என்று சிலர் வருந்தியதாகப் பெரியவர் சொல்லிச் சிரித்தார். சென்னையிலிருந்து குளிர்காலத்தில் தில்லிக்கு வந்த மிருதங்கம் மேடையில் படுத்தும் பாட்டை நாம் கண்டிருக்கிறோம். அவர் சொன்னது நமக்கு நன்றாகவே விளங்கிற்று.

அன்று மாலையே தரியாகஞ்சுக்குச் சென்று அந்தச் சருகை வாங்கி வந்தோம். கடைக்காரர் நம்மை மறக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் மூவரும் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்தோம். தடித்த தோலைக் கழற்றியதும் பெரியவர் மேளத்தின் விளிம்பைத் துணியால் துடைத்து, விரலை அதன்மேல் சுற்றிலும் ஓட்டினார். கம்பிகள் கடக்கும் இரண்டு இடங்களில் மட்டும் விளிம்பு மிக லேசாகத் தாழ்ந்திருந்தது. அது தேய்மானம் என்றே நாம் எண்ணியிருந்தோம். கம்பிகள் தோலோடு சீராகப் படிவதற்காக வேண்டுமென்றே அப்படி வாய்க்கால் போல் இழைத்திருக்கிறார்கள். தோலில் முதலில் சுருக்கம் விழுவதும் அங்கேதான்.

தோலை வைத்து, வளையத்தைப் பொருத்தி, எட்டுத் திருகாணிகளையும் விரலால் மட்டும் முடுக்கச் சொன்னார். பிறகுதான் சாவி. ஒன்றுக்கு அரைச் சுற்று. அடுத்தது பக்கத்திலுள்ளதன்று, நேர் எதிரே உள்ளது. நாம் அன்றிரவு ஒரு முனையில் தொடங்கி வரிசையாக முறுக்கிக்கொண்டே போயிருந்தோம். தோல் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்து நின்றதற்கு அதுவே காரணம். வாய்க்கால்களின் இருமருங்கிலும் உள்ள நான்கு திருகாணிகளுக்குச் சற்று அதிகம் கொடுத்ததும் சுருக்கம் மறைந்தது. நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கப் போன நம் கையை அவர் தடுத்துவிட்டார். இத்தனை மெல்லிய தோலில் அழுத்தினால் குழி விழுந்து நின்றுவிடுமாம்.

"பழைய தோல் எப்படிப் போயிற்று?" என்று அப்போது இயல்பாகக் கேட்டார்.

பெண் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. நாம் சற்று நேரம் பேசாதிருந்தோம். பிறகு திருப்புளியையும் துணியையும் பற்றிச் சொன்னோம். அவளைப் பார்த்துச் சொல்ல முடியாமல் பெரியவரைப் பார்த்துத்தான் சொன்னோம்.

"எனக்குத் தெரியும் அப்பா" என்றாள் பெண். "தானாக விட்டிருந்தால் கிழிசலின் ஓரம் உள்ளே மடங்கியிருக்காதே."

"தெரிந்துமா இரண்டு மாதம் பேசாமல் இருந்தாய்?"

"சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். கீழ் வீட்டிலும் சண்டை. மேளத்தைப் பள்ளியிலேயே கொடுத்துவிடச் சொல்வீர்கள் என்று பயந்தேன்."

அவள் அஞ்சியது பொய்யன்று. நம் மனத்தில் அந்த எண்ணம் இருக்கத்தான் செய்தது. பெண் பிள்ளை வீணை பயில்வதென்றால் சங்கத்து வகுப்பிலேயே சேர்க்கலாமே, சிப்பாய் மேளம் எதற்கு என்று மனைவியிடம் பலமுறை சொல்லியிருக்கிறோம். சுவருக்கு அப்பால் அவள் கேட்டிருப்பாள். "தவறு என்னுடையது" என்று மட்டும் சொன்னோம். மேற்கொண்டு சொல்ல நமக்குப் பழக்கமில்லை. பெரியவர் இருவரையும் பாராதவர் போலக் கம்பிப் பட்டையை வெளிச்சத்தில் தூக்கி, வளைந்த கம்பி ஏதேனும் உண்டா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இனிச் சுருதி சேர்ப்பது. கம்பிகளை இறக்கிவிட்டு, ஒவ்வொரு திருகாணிக்கும் எதிரே, விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, குச்சி நுனியால் மெல்லத் தட்டி எட்டு இடத்திலும் ஒரே ஓசை வரச் செய்ய வேண்டும். பெண் கைபேசியில் சுருதி காட்டும் கருவி ஒன்றைத் திறந்தாள். அது ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு சுரத்தைக் காட்டி நம்மைக் குழப்பிற்று. தந்தியைப் போல மேளத் தோல் ஒரே சுரத்தில் ஒலிப்பதில்லை. பல ஓசைகள் கலந்து எழுகின்றன. கைபேசியை ஓரம் வைத்துவிட்டுக் காதையே நம்பினோம்.

இங்கே நம் மிருதங்க ஞானம் மறுபடியும் தலை தூக்கிற்று. எந்தச் சுருதிக்குக் கூட்டுவது என்று கேட்டோம். பாடுபவர் சுருதி என்று இதற்கு ஒன்றுமில்லை. மேல் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் உள்ள உறவுதான் சுருதி என்றார். இரண்டையும் ஒரே ஓசையில் வைத்துக் காட்டினார். மேளம் அடங்காமல் நீண்டு ரீங்கரித்தது. கீழ்த் தோலைத் தளர்த்திக் காட்டினார். கம்பிகள் சோம்பலாய்ச் சலசலத்தன. மிக இறுக்கினார், ஓசை நெரிந்து இளைத்தது. பிறகு மேல் தோலை ஸட்ஜமாகக் கொண்டு, கீழ்த் தோலைச் சிறிது சிறிதாக ஏற்றச் சொன்னார். பெண் மெல்லிய குரலில் 'ஸ' பாடி, 'ம' பாடி, சுத்த மத்தியமம் வரும் இடத்தில் கையை நிறுத்தினாள். இது ஒன்றுதான் விதி என்பதில்லை. பஞ்சமம் வரையில் ஏற்றுவோரும் உண்டு. அணிவகுப்பில் இன்னும் வேறாம். இந்த மேளத்துக்கு மத்தியமம் பொருந்திற்று. முற்காலத்து மேளங்கள் பலவற்றில் ஒரே திருகாணி இரு தோல்களையும் சேர்த்து இழுக்கும். இவ்வாறு தனித்தனியே கூட்ட இடமே இல்லை. பள்ளியில் உள்ள பழைய மேளங்கள் சில இன்றும் அப்படித்தான் என்று பெண் சொன்னாள்.

கடைசியாகக் கம்பிப் பட்டையை நடுவாகப் பொருத்தி, இரு முனைகளும் சமமாக இழுபடும்படி கட்டினார்கள். நாம் முறுக்கி வைத்திருந்த திருகைப் பெரியவர் பெருமளவு தளர்த்திவிட்டார். கம்பி தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அதைச் சோதிக்கும் வகையையும் காட்டினார்: மேல் தோலின் ஓரத்தில், நடுவிலன்று, ஓரத்தில், ஒரு விரல் நகத்தால் தட்டச் சொன்னார்.

பெண் தட்டினாள். கீழே கம்பிகள் பதில் சொல்லின. மறுபடியும், அதைவிட மெல்லத் தட்டினாள், அதற்கும் சொல்லின. குச்சிகளை எடுத்து அந்த மெல்லிய உருட்டைத் தொடங்கினாள். பெரியவர் கண்களை மூடிக்கொண்டார். ஜனவரி 29 மாலையில் விஜய் சௌக்கில் நடைபெறும் படை திரும்பும் விழாவில், மேளக்காரர் மட்டும் தனித்து வாசிக்கும் பகுதி ஒன்று உண்டு. அதில் தாமும் நின்றதுண்டு என்று பிறகு சொன்னார். சமையலறையிலிருந்து நம் மனைவி கரண்டியோடு வந்து வாயிலில் நின்றாள். கையில் நயமில்லை என்று நாம் சொன்ன பெண் அரை நாழிகை வாசித்தாள். இடையில் நாம் தும்மியபோது, யாரும் தொடாத மேளம் மெல்லச் சலசலத்தது. பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

பேண்டு ஆசிரியர் அவளை மீண்டும் மேள வரிசைக்குச் சேர்த்துக்கொண்டார். ஆனால் முன்வரிசை நிரம்பிவிட்டது, கடைசி வரிசைதான் கிடைத்தது. ஜனவரி 26 அன்று பள்ளி மைதானத்தில் பன்னிரண்டு மேளங்கள் ஒன்றாக ஒலித்தன. எவ்வளவு காது கொடுத்தும் அவளுடையதைத் தனியே பிரித்துக் கேட்க நம்மால் இயலவில்லை. நன்றாகத்தான் இருந்தது என்று பெரியவர் சொன்னார்.

கீழ் வீட்டாரோடு பேசி மாலை ஐந்து மணியிலிருந்து ஐந்தரை வரை என்று ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். அந்த நேரத்தில் நோயுற்ற முதியவரைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்கிறார்கள். சில நாட்களில் நாமே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறோம். திருகாணிச் சாவி இப்போது பெண்ணின் ஜியோமெட்ரி பெட்டியில் இருக்கிறது. சென்ற வாரம் கேட்டுப் பார்த்தோம், தரவில்லை.